அணை கட்டிய பிராணியும் அரண் கட்டிய ஜனங்களும்

(வாசகசாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் வாசகம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு பிராணி. "நாட்டில் ஆயிரம் பிரச்னை கிடக்க, இவர் பிராணியைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே!" என்று சிலருக்குத் தோன்றலாம். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள். பேச்சு பிராணியில் தொடங்கும். போகப் போக வெள்ளம் வரும், நகரசபை வரும், கம்பெனி வரும், கடைசியில் ஜனங்கள் வருவார்கள்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் மார்ட்டினெஸ் என்று ஒரு சிறு நகரம் இருக்கிறது. ஜனத்தொகை சுமார் 37 ஆயிரம். ஸான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் ஓரம். ஸாக்ரமெண்டோ, ஸான் வாக்கீன் என்ற இரு பெரிய ஆறுகள் ஒன்றுகூடிக் கடலை நோக்கிப் போகும் ஜலசந்தியின் தென்கரையில் இந்த ஊர் இருக்கிறது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை உள்ள ஊர். ரயில் போகிற ஊர். உழைத்துப் பிழைக்கிறவர்கள் வாழ்கிற ஊர். அமெரிக்காவின் காடுகளையும் மலைகளையும் காக்கக் குரல் கொடுத்த ஜான் ம்யூர், 1880லிருந்து 1914ல் காலமாகும் வரை இங்கேதான் வீடு வைத்திருந்தார். அவர் சமாதியும் இங்கேதான் இருக்கிறது.

இந்த ஊரின் கடைத்தெருவுக்கு நடுவே ஓர் ஓடை ஓடுகிறது. அல்ஹாம்ப்ரா ஓடை என்று பெயர். பாலங்களுக்குக் கீழே, கட்டிடங்களின் பின்புறச் சுவர்களை உரசிக்கொண்டு ஓடும் சிறிய ஓடை. மழைக்காலத்தில் மட்டும் அதற்குக் கோபம் வரும். கரை உடைத்துக் கடைகளுக்குள் புகுந்துவிடும். அதைத் தடுப்பதற்காகப் பல லட்சம் டாலர் செலவழித்து ஓடையை அகலப்படுத்தி, கரையைச் சீர்செய்து வைத்திருந்தது நகரசபை.

அந்த ஓடைக்குத்தான் 2007ம் ஆண்டின் துவக்கத்தில், யாரையும் கேட்காமல், இரண்டு பீவர்கள் குடி வந்தன.

பீவர் என்றால் என்ன?

நம் காவிரியில் மீன் பிடித்துத் தின்னும் நீர்நாயை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பீவர் அதுவல்ல. நீர்நாய் மாமிசம் தின்பது. பீவர் தழையும் மரப்பட்டையும் தின்பது. அணில், எலி, முள்ளம்பன்றி இவற்றைப் போலக் கொறிக்கும் ஜாதி. ஆனால் உடம்பு பெரியது. 15லிருந்து 30 கிலோ வரை எடை இருக்கும். துடுப்பு மாதிரித் தட்டையான வால். முன்பற்கள் ஆரஞ்சு நிறம். பல்லில் இரும்புச் சத்து ஏறியிருப்பதால் அந்த நிறம். தேயத் தேய வளர்ந்துகொண்டே இருக்கும் பல். அந்தப் பல்லால் மரத்தைச் சாய்த்து, கிளையை இழுத்து வந்து, சேற்றையும் கல்லையும் வைத்துப் பூசி, ஓடைக்குக் குறுக்கே அணை கட்டும்.

எதற்காகக் கட்டுகிறது? தரையில் பீவர் மெதுவாக நடக்கும். எதிரி வந்தால் ஓடித் தப்ப முடியாது. ஆழமான தண்ணீர் இருந்தால் முங்கித் தப்பும். ஆகவே அணை கட்டித் தண்ணீரைத் தேக்குகிறது. குச்சிகளைக் குவித்து வீடு கட்டி, அந்த வீட்டுக்கு வாசலைத் தண்ணீருக்கு அடியில் வைக்கிறது. உள்ளே ஒரு குடும்பம்: தாய், தகப்பன், இந்த வருஷத்துக் குட்டிகள், போன வருஷத்துக் குட்டிகள். இரண்டு வயதானதும் பிள்ளைகள் வெளியேறிப் புது ஓடை தேடிப் போகும். மார்ட்டினெஸுக்கு வந்த ஜோடியும் இப்படி இடம் தேடி வந்ததுதான்.

வந்த ஜோடி சும்மா இருக்குமா? நகரத்தின் நட்டநடுவில், கரையோரம் நட்டு வைத்திருந்த மரங்களை வெட்டி, சுமார் 30 அடி அகலத்துக்கு ஓர் அணை எழுப்பிவிட்டது. ஒரு சமயம் அணை ஆள் உயரத்துக்கு வந்தது. அவ்வருஷமே குட்டிகளும் பிறந்தன. மாலையில் வேலை முடிந்து போகிறவர்கள் பாலத்தின் மேல் நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். குழந்தைகள் பெற்றோரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். பேசாத அண்டை வீட்டுக்காரர்கள் அந்தப் பாலத்தில் பேசிக்கொண்டார்கள்.

பயம் பொய்யல்ல

ஆனால் பயமும் கூடவே வந்தது. அணைக்கு மேல்புறம் தண்ணீர் ஏறி நிற்கிறது. பெருமழை பெய்தால் என்ன கதி? ஓடையோரம் கடை வைத்திருப்பவர், கட்டிடம் வைத்திருப்பவர் எல்லோருக்கும் இந்தக் கேள்வி. ஏற்கனவே வெள்ளத்தில் சரக்கை இழந்து அனுபவப்பட்டவர்கள். அந்தப் பயத்தை நாம் கேலி செய்யக் கூடாது. நாளைக்குக் கடை திறந்தால்தான் சோறு என்று இருக்கிற சிறு வியாபாரிக்குத் தண்ணீர் ஒரு ஜாண் ஏறினால் அது ஜீவனப் பிரச்னை.

அந்தப் பயத்துக்கு நகரசபை கண்ட பரிகாரம் என்ன? பீவர்களை ஒழித்துவிடுவது. மாநிலத்தில் அன்றிருந்த வழக்கம் அப்படி. பீவரால் தொந்தரவு என்று மனுப் போட்டால், மீன்-வேட்டை இலாகா கொல்ல அனுமதி கொடுக்கும். பிடித்து வேறிடத்தில் விட அனுமதி கொடுக்காது. விசித்திரமான சட்டம்! கொல்வதற்கு வழி உண்டு. வாழவிடுவதற்கு வழி கிடையாது. தாய், தகப்பன், குட்டி என்று அந்தக் குடும்பத்தின் விதி காகிதத்தில் எழுதப்பட்டுவிட்டது.

செய்தி ஊருக்குள் பரவியது. ஜனங்கள் கொதித்தார்கள். கடிதம் எழுதினார்கள், பத்திரிகைக்காரர்களை அழைத்தார்கள், பாலத்தில் கூடினார்கள். ஒரு சிறு ஊரின் ஓடைச் சண்டை நாடு முழுவதும் பத்திரிகைகளில் வந்தது. எதிர்ப்பு பலத்ததும், இலாகா ஒரு படி இறங்கி வந்தது. விசேஷ அனுமதி தந்து, பீவர்களைப் பிடித்து வேறிடத்தில் விடலாம் என்றார்கள்.

இங்கேதான் அந்த ஜனங்களின் புத்திசாலித்தனத்தைப் பார்க்க வேண்டும். "உயிர் தப்பியதே, போதும்" என்று அவர்கள் கலைந்து போகவில்லை. "இந்தக் குடும்பம் போனால் அடுத்த வருஷம் வேறு ஜோடி வரும்; அப்போது என்ன செய்வீர்கள்? ஓடை இருக்கிறது, மரம் இருக்கிறது, ஆறு பக்கத்தில் இருக்கிறது. வருகிறவற்றை எல்லாம் பிடித்துக்கொண்டே இருப்பீர்களா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. காலியான இடத்துக்குப் புதுப் பீவர் வருவது அந்தப் பிராணியின் இயற்கை. பிடிப்பதும் கொல்வதும் ஒரு நாளும் தீராத செலவு.

அரங்கம் நிறைந்தது

2007 நவம்பரில் நகரசபை ஒரு விசேஷக் கூட்டம் போட்டது. வழக்கமாகக் கூடும் மண்டபம் போதாது என்று உயர்நிலைப் பள்ளியின் அரங்கில் கூட்டினார்கள். சுமார் 200 பேர் வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக எழுந்து பேசினார்கள். பெரும்பாலோர் பீவர் இருக்கட்டும் என்றார்கள். சொத்துக்காரர்கள் சிலர் வெள்ளத்தைச் சொல்லி எதிர்த்தார்கள். இரு தரப்பும் ஒரே கூரையின் கீழ், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசியது.

முடிவு? கொலையும் நின்றது, இடமாற்றமும் நின்றது. விஷயத்தை ஆராய ஓர் உபகமிட்டி போடப்பட்டது. கமிட்டி போட்டால் காரியம் முடங்கிவிடும் என்பது நமக்குப் பழக்கமான அனுபவம். ஆனால் இந்தக் கமிட்டியில் ஜனங்களும் உட்கார்ந்தார்கள். ஹெய்டி பெரிமன் என்ற பெண்மணி அதில் ஒருவர். அவர் தொழிலால் மனநல நிபுணர், விலங்கியல் படித்தவரல்ல. பீவரைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் தேடிப் படித்தார். பார்த்ததைப் படம் பிடித்தார். மற்ற ஊர்களில் என்ன செய்தார்கள் என்று விசாரித்தார். அவரும் மற்றவர்களும் சேர்ந்து "வொர்த் எ டாம்" என்று ஒரு சங்கம் அமைத்தார்கள். அந்தப் பெயரில் ஒரு சிலேடை இருக்கிறது. "அணை" என்பதற்கும், "மதிப்புக்குரியதா" என்று ஆங்கிலத்தில் முரட்டுத்தனமாகக் கேட்கும் சொல்லுக்கும் உச்சரிப்பு ஒன்று. இந்தப் பிராணிக்கு மதிப்பு உண்டா, இல்லையா என்று ஊரைக் கேட்கிற பெயர் அது.

குழாய் தீர்த்த வழக்கு

சரி, வெள்ளப் பயத்துக்கு என்ன பதில் சொன்னார்கள்? வெறும் கண்ணீரா? வெறும் கோஷமா? அப்படிச் செய்திருந்தால் அடுத்த மழையில் தோற்றிருப்பார்கள். அவர்கள் ஒரு குழாயைக் கொண்டுவந்தார்கள்!

வெர்மான்ட் என்ற வடகிழக்கு மாநிலத்தில் ஸ்கிப் லைல் என்று ஒருவர் இருக்கிறார். பீவரோடு சமாதானமாக வாழும் கருவிகளைச் செய்வதே அவர் தொழில். அவரை வரவழைத்தார்கள். 2008 ஜனவரியில் அவர் வந்து அணையின் ஊடே ஒரு பெரிய குழாயைச் செருகினார்.

இதன் தந்திரத்தைக் கேளுங்கள். அணையை வெட்டித் தண்ணீரை விட்டால் என்ன நடக்கும்? ஒரே இரவில் பீவர் அதை அடைத்துவிடும். ஓடும் தண்ணீரின் சத்தம்தான் பீவரை வேலைக்கு அழைக்கும் சங்கு. சுவீடன் நாட்டு விஞ்ஞானி லார்ஸ் வில்ஸன் 1960களில் இதைச் சோதித்துப் பார்த்தார். தண்ணீர் ஓடும் சத்தத்தை ஒலிபெருக்கியில் போட்டார். பீவர்கள் வந்து அந்த ஒலிபெருக்கியின் மேலேயே குச்சியை அடுக்கின! ஆகவே குழாயின் வாயை அணையிலிருந்து தள்ளி, மேல்புறத்தில், தண்ணீருக்கு அடியில் வைக்க வேண்டும். அதைச் சுற்றிக் கம்பிவலைக் கூண்டு போட வேண்டும். தண்ணீர் சத்தமில்லாமல் குழாய்க்குள் போகும். கசிவு எங்கே என்று பீவருக்குத் தெரியாது. குளம் குறிப்பிட்ட மட்டத்துக்கு மேல் ஏறாது. பீவருக்கும் முங்குவதற்குப் போதிய ஆழம் மிஞ்சும்.

அதேபோல மரத்துக்கும் வழி உண்டு. காக்க வேண்டிய மரத்தின் அடியைக் கம்பிவலையால் சுற்றிவிட்டால் பீவர் தொடாது. வெட்டிய நாணல்மரமோ அடியிலிருந்து மறுபடி தழைத்துப் புதராகும். அந்தப் புதரில் குருவிகள் கூடு கட்டும்.

கடைக்காரர் பயத்துக்குப் பதில் கிடைத்தது. பீவர் குடும்பமும் தங்கியது. சச்சரவு அத்தோடு முடிந்துவிடவில்லை. 2008 இறுதியில், கரையோரச் சொத்தின் சுவருக்கு ஆபத்து என்ற புகாரின் மேல், நகரசபை பெரும் செலவில் ஓடைக் கரையில் இரும்புத் தகடுகளை அடித்து இறக்கியது. சங்கத்தார் அதை எதிர்த்தார்கள், தகடு இறங்கியது. ஆனாலும் அவர்கள் ஓடையை விட்டுப் போகவில்லை, பீவர்களும் போகவில்லை.

ஓடைக்கு வந்த விருந்தாளிகள்

பிறகு நடந்ததுதான் ஆச்சரியம். முன்பு சொட்டுச் சொட்டாக ஓடிய நீர், அணைகளால் குளங்களாக நின்றது. குளத்தில் பூச்சி பெருகியது. பூச்சியைத் தின்ன மீன் வந்தது. மீனைத் தின்ன பறவை வந்தது. 2008ல் ஸ்டீல்ஹெட் என்ற மீன் வந்தது. கடலுக்குப் போய்த் திரும்பி ஆறு ஏறி முட்டையிடும் ஜாதி அது. அதே வருஷம் நீர்நாய் வந்தது. 2009ல் மிங்க் என்ற கீரி போன்ற பிராணியும் வந்தது. இவை யாரும் கொண்டுவந்து விட்டவையல்ல. வீடு தயாரானதும் குடித்தனக்காரர்கள் தாமாக வந்தார்கள்.

2008லேயே ஊரார் பீவர் திருவிழா ஒன்று தொடங்கி, பிறகு வருஷா வருஷம் நடத்தினார்கள். ஓடைக் கரையில் பாட்டு, சித்திரம், குழந்தைகளுக்குப் பாடம். எந்த எந்த ஜீவன் பீவரின் குளத்தை நம்பி வாழ்கிறது என்று ஒவ்வொரு மேஜையிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் குழந்தைக்கு ஒரு சிறு பதக்கம் கிடைக்கும். அவற்றைக் கோத்துக் கையில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும்.

2010ல் அந்தத் தாய்ப் பீவர் இறந்தது. ஊரே துக்கப்பட்டது. தகப்பனும் மூத்த பிள்ளைகளும் சேர்ந்து அவ்வருஷத்துக் குட்டிகளை வளர்த்தன. 2011 மார்ச்சில் பெருவெள்ளம் வந்து அணைகளை எல்லாம் அடித்துக்கொண்டு போயிற்று. எந்த வெள்ளத்தை அணை உண்டாக்கும் என்று பயந்தார்களோ, அந்த வெள்ளம் வந்தபோது அணை காகிதம் போலப் போய்விட்டது. இந்த ஓடையில் பீவர் அடுக்கிய குச்சி அணை, பெருவெள்ளத்தை எதிர்த்து நின்று ஊரை மூழ்கடிக்கும் சுவர் அல்ல என்பதை வெள்ளமே நிரூபித்துக் காட்டியது.

தொப்பிக்காகக் காலியான ஆறுகள்

தோழர்களே, இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். ஒரு ஜோடிப் பீவர் வந்ததும் அந்த ஊர் ஏன் இப்படித் திகைத்தது? அந்த மண்ணுக்கு அது அந்நியமா?

ஐரோப்பியர் வருவதற்கு முன் வட அமெரிக்காவில் 6 கோடியிலிருந்து 40 கோடிப் பீவர்கள் வரை இருந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. 1900 வாக்கில் சுமார் ஒரு லட்சம்தான் மிஞ்சியது. எங்கே போயிற்று மற்றதெல்லாம்? சீமான்களின் தலைக்குப் போயிற்று! பீவரின் உள்ரோமத்தில் நுண்ணிய கொக்கிகள் உண்டு. அதை அமுக்கினால் மழைக்கு அசையாத கம்பளித் தகடாகும். அதில்தான் ஐரோப்பாவின் கனவான்கள் தொப்பி செய்து போட்டார்கள்.

நம் நாட்டுக்கு ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி வந்ததல்லவா? வட அமெரிக்காவுக்கு ஹட்ஸன் பே கம்பெனி போயிற்று. 1670ல் இங்கிலாந்து மன்னன் இரண்டாம் சார்லஸ் அதற்குப் பட்டயம் எழுதிக் கொடுத்தான். யாருடைய நிலத்தை யார் எழுதிக் கொடுத்தது? அங்கே பீவர் தோலே நாணயமாயிற்று. துப்பாக்கி இத்தனை தோல், கம்பளி இத்தனை தோல், குண்டான் இத்தனை தோல் என்று விலை எழுதினார்கள். தோலைக் கொண்டுவந்தவர்கள் அந்த மண்ணின் ஆதிக்குடிகள்; லாபம் லண்டன் பங்குதாரர்களுக்கு.

1820களில் அந்தக் கம்பெனி செய்த ஒரு காரியம் சரித்திரத்தில் பதிந்திருக்கிறது. மேற்குப் பகுதிக்கு அமெரிக்க வியாபாரிகள் வந்துவிடக் கூடாது என்பதற்காக, ஸ்நேக் ஆற்றுப் பிரதேசத்தில் ஒரு பீவர்கூட மிஞ்சாமல் பிடித்துத் தீர்க்கக் கட்டளையிட்டார்கள். போட்டிக்காரனுக்குப் பாலைவனத்தை விட்டு வைக்கும் வியாபாரத் தந்திரம்! பீட்டர் ஸ்கீன் ஆக்டன் என்பவர் தலைமையில் வேட்டைப்படைகள் வருஷா வருஷம் போயின. 1820களின் முடிவிலிருந்து கம்பெனிப் படைகள் கலிபோர்னியாவின் ஆறுகளுக்கும் வந்தன. மார்ட்டினெஸுக்கு மேலே இருக்கும் ஆற்று முகத்துவாரமும் அவர்கள் வலைக்குத் தப்பவில்லை.

பீவர் அரிதானதும் முயல் ரோமத்தில் தொப்பி செய்தார்கள். அந்த ரோமம் எளிதில் ஒட்டாது. அதற்குப் பாதரச உப்பைத் தடவினார்கள். அந்த ஆவியை வருஷக்கணக்கில் மூச்சில் இழுத்த தொப்பித் தொழிலாளிகளுக்குக் கை நடுங்கியது, பேச்சு குழறியது, புத்தி பேதலித்தது. அமெரிக்காவில் டான்பரி என்ற தொப்பித் தொழில் நகரத்தின் பெயராலேயே அந்த நடுக்கத்தை அழைத்தார்கள். 1941 டிசம்பரில்தான் அங்கே தொப்பித் தொழிலில் பாதரசம் தடை செய்யப்பட்டது. ஆற்றைச் சுரண்டிய அதே தொப்பி, தொழிலாளியின் நரம்பையும் சுரண்டியது.

மறந்தவர்களும் மறக்காதவர்களும்

பீவர் ஒழிந்து நூறு வருஷமானதும் ஒரு விபரீதம் நடந்தது. "கலிபோர்னியாவின் ஸியர்ரா மலைத்தொடரின் உயரப் பகுதிகளிலும் கடற்கரை ஆறுகளிலும் பீவர் எப்போதும் இருந்ததில்லை" என்று நிபுணர்கள் எழுதி வைத்தார்கள். கொன்று தீர்த்தது ஒரு தலைமுறை. இல்லவே இல்லை என்று சாதித்தது அடுத்த தலைமுறை!

இதை மறுத்து எழுந்த ஆராய்ச்சியில் மார்ட்டினெஸின் கையும் இருக்கிறது. ஸியர்ரா மலையில் ஓர் ஓடையில் மண்ணுக்கடியில் புதைந்திருந்த பழைய பீவர் அணையின் மரத்தைக் கரிமமுறையில் சோதித்தார்கள். அதில் ஒரு துண்டு கி.பி. 580ம் ஆண்டைச் சேர்ந்தது என்று கண்டார்கள். அதோடு பழைய பயணக் குறிப்புகளையும், ஆதிக்குடிகளின் மொழிகளில் பீவருக்கு இருக்கும் பெயர்களையும் சேர்த்து, 2012ல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. அதை எழுதியவர்களில் ஒருவர், பாலத்தில் நின்று படம் பிடித்த அதே ஹெய்டி பெரிமன். ஓடையைக் காக்கப் புறப்பட்ட ஒரு சாதாரணப் பிரஜை, மாநிலத்தின் இயற்கைச் சரித்திரத்தையே திருத்துவதில் பங்கு கொண்டார்.

ஆதிக்குடிகள் மறக்கவில்லை. டூலே ஆற்று மக்களின் நிலத்தில் உள்ள பாறை ஓவியத்தில் பல நூறு வருஷத்துக்கு முன்பே பீவரை வரைந்து வைத்திருக்கிறார்கள். ஆவணம் வேண்டுமென்று கேட்டவர்களுக்குப் பாறையே ஆவணம்.

சர்க்காரும் முன்பு சில நாள் நல்ல வழியில் போனதுண்டு. 1911ல் கலிபோர்னியா பீவர் வேட்டைக்குத் தடை போட்டது. 1923லிருந்து 1950 வரை ஆயிரத்துக்கு மேற்பட்ட பீவர்களைப் பிடித்து வேறு வேறு ஓடைகளில் விட்டார்கள். பக்கத்து ஐடஹோ மாநிலத்திலோ 1948ல் 76 பீவர்களைப் பெட்டியில் வைத்து, விமானத்திலிருந்து பாரசூட்டில் மலைக்காட்டில் இறக்கினார்கள்! சிரிக்காதீர்கள், ஒன்றைத் தவிர மற்றவை பத்திரமாக இறங்கின. அதன் பிறகு பல பத்தாண்டுகள் அந்த அக்கறை போய், பீவர் என்றால் தொந்தரவு என்ற மனுக்கள்தான் மிஞ்சின.

காற்று திரும்பியது

மழை பொய்த்து, காடு பற்றி எரியத் தொடங்கியதும் விஞ்ஞானிகள் மறுபடி பீவரைத் தேடினார்கள். 2020ல் எமிலி ஃபேர்ஃபாக்ஸ், ஆண்ட்ரூ விட்டில் என்ற இருவர், மேற்கு அமெரிக்காவில் ஐந்து பெரிய காட்டுத்தீக்களை ஆராய்ந்தார்கள். பீவர் அணைகள் உள்ள ஓடையோரம் தீயிலும் பச்சையாக இருந்தது. பீவர் இல்லாத ஓடையோரத்துக்கு ஏற்பட்ட பாதிப்பு மூன்று மடங்கு. காரணம் எளிது. அணை தண்ணீரை மெதுவாக்குகிறது. தண்ணீர் பக்கவாட்டில் மண்ணுக்குள் இறங்குகிறது. ஈரமான செடி எரிவதில்லை.

2023 ஜூனில் கலிபோர்னியா வனஜீவி இலாகா தன் கொள்கையை மாற்றிக்கொண்டது. பீவரைக் கொல்ல அனுமதி கேட்பவர், முதலில் கொல்லாமல் சமாளிக்கும் வழிகளைப் பார்த்தாக வேண்டும். அதே வருஷம் அக்டோபரில், மலைநாட்டு மைடு ஆதிக்குடிகளின் டாஸ்மம் கொயோம் பள்ளத்தாக்கில் ஏழு பீவர்கள் கொண்ட ஒரு குடும்பத்தைக் கொண்டுபோய் விட்டார்கள். மாநிலத்தில் ஏறத்தாழ 75 வருஷத்தில் முதல் முறை. அந்தப் பள்ளத்தாக்கு ஒரு மின்சாரக் கம்பெனியின் சொத்தாக இருந்து, 2019ல்தான் அதன் பழைய உடையவர்களிடம் திரும்பி வந்தது. நிலம் திரும்பியது, நிலத்தோடு பீவரும் திரும்பியது. 2024ல் மாநில சட்டசபை பீவர் மீட்பு வேலையைச் சட்டமாகவே ஆக்கியது.

லண்டனுக்கு வாருங்கள். 2023 அக்டோபரில், நகரத்தின் மேற்கே ஈலிங் பகுதியில், கிரீன்ஃபோர்டு என்னும் இடத்தில் உள்ள ஒரு பூங்காவில் ஐந்து பீவர்களைக் கொண்டுவந்து விட்டார்கள். எதற்காக? கீழே உள்ள தெருக்களுக்கு வரும் வெள்ளத்தைக் குறைப்பதற்காக! மார்ட்டினெஸில் வெள்ளம் வரும் என்று பீவரைக் கொல்லப் பார்த்தார்கள். லண்டனில் வெள்ளத்தைத் தடுக்கப் பீவரை அழைத்தார்கள். இரண்டும் எப்படிச் சரியாகும்? இடம் பார்க்க வேண்டும். ஊருக்கு மேல்புறம் அணை இருந்தால் மழைநீரைத் தாமதப்படுத்தி அனுப்பும். ஊருக்கு நடுவில், குறுகிய வாய்க்காலில் இருந்தால் நீர்மட்டத்தைக் கவனிக்க வேண்டும், அதற்குத்தான் குழாய்.

நமக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது

தோழர்களே! இந்த வரலாற்றை நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. "ஜனங்களுக்கு உணர்ச்சி உண்டு, விஷயம் தெரியாது. விஷயம் தெரிந்தவர்கள் அதிகாரிகள்" என்று சொல்லுகிற ஒரு வாதம் எல்லா நாட்டிலும் உண்டு. மார்ட்டினெஸ் ஜனங்கள் அந்த வாதத்தை முறியடித்தார்கள். எப்படி முறியடித்தார்கள்?

முதலாவது, திரண்டு வந்தார்கள். 200 பேர் அந்த அரங்கில் உட்காராமல் இருந்திருந்தால், எவ்வளவு நல்ல குழாயும் வெர்மான்டிலேயே கிடந்திருக்கும்.

இரண்டாவது, எதிர்த்தரப்பின் பயத்துக்குப் பதில் தேடினார்கள். கடைக்காரரைப் பீவரின் சத்துரு என்று தள்ளவில்லை. அவர் கேட்ட கேள்வியைத் தங்கள் கேள்வியாக ஏற்று, அதற்குக் கம்பிவலையும் குழாயுமாக விடை கொண்டுவந்தார்கள். கோரிக்கையோடு பரிகாரத்தையும் கையில் வைத்திருக்கிறவனை எந்த நகரசபையும் சுலபமாகத் துரத்த முடியாது.

மூன்றாவது, வெற்றி கிடைத்த மறுநாள் வீட்டுக்குப் போய்விடவில்லை. குழாயைக் கவனிக்கவும், மரத்துக்கு வலை சுற்றவும், குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் வருஷக்கணக்கில் ஓடைக்கரையில் நின்றார்கள்.

பீவர் ஓர் இடத்தில் நிரந்தரமாகத் தங்கும் பிராணி அல்ல. தழை தீர்ந்தால் போகும், தழைத்தால் வரும். ஓடையும் அப்படியே, ஒரு வருஷம் வற்றும், ஒரு வருஷம் பொங்கும். போகாமல் இருக்க வேண்டியவர்கள் கரையில் குடியிருக்கும் ஜனங்கள்தான். அணையில் ஓர் இடத்தில் தண்ணீர் கசியும் சத்தம் கேட்டால், அன்றிரவே குச்சியும் சேறும் எடுத்துக்கொண்டு போய் அடைக்கிறது அந்தப் பிராணி. காலையில் பார்த்துக்கொள்வோம் என்று தூங்குவதில்லை. பொதுச் சொத்தில் எங்கே கசிவு கேட்டாலும் நாமும் அப்படியே போவோம்.